பத்துக்குப் பத்து அலுவலகம்

ஷாங்காய் நகரில் 2010 டிசம்பரில் ஒரு சோதனை தொடங்கியது. விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் பதிவு செய்து தரும் சீட்ரிப் நிறுவனத்துக்கு அலுவலக வாடகை பெருஞ்சுமையாக இருந்தது. கால் சென்டர் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னால் வாடகை மிச்சமாகும். ஆனால் மேற்பார்வை இல்லாமல் வேலை ஓடுமா என்ற பயமும் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். விருப்பம் தெரிவித்துத் தகுதியும் பெற்றவர்கள் 249 பேர். அவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். ஒற்றைப்படைத் தேதிக்காரர்கள் வழக்கம்போல அலுவலகம் வந்தார்கள். 9 மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது.

இதற்கு நேர் எதிரான முடிவைத் தந்த சோதனை நடந்தது சென்னையில். டேவிட் ஆட்கின், அன்டொனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூன்று பொருளியலாளர்கள் டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்து, யார் வீட்டில், யார் அலுவலகத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2023-ல் வெளியான அவர்களது ஆய்வறிக்கையின்படி, வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் உற்பத்தித் திறன் அலுவலகத்தில் இருந்தவர்களைவிட 18 சதவீதம் குறைவு. இந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்தவர்கள் போகப்போக வேகமாகத் தொழில் கற்றுக்கொண்டது மீதிப் பங்குக்குக் காரணம்.

ஓரிடத்தில் 13 கூடுகிறது, இன்னோரிடத்தில் 18 குறைகிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லதா, கெட்டதா என்று 2020-லிருந்து பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருப்பவர்கள் ஆளுக்கொரு ஆய்வை எடுத்துக்கொண்டு வாதாடலாம். ஆனால் ஷாங்காய் சோதனையில் ஒரு நிபந்தனை இருந்தது. கலந்துகொள்பவர் வீட்டில், வேலை நேரத்தில் அவருக்கென்று தனி அறை இருக்க வேண்டும். பிராட்பேண்ட் இணைப்பும் இருக்க வேண்டும். கூடிய 13 சதவீதத்தில் 9 சதவீதம், இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து கூடுதல் நேரம் வேலை செய்ததால் வந்தது. மீதி 4 சதவீதம் நிமிடத்துக்குக் கூடுதல் அழைப்புகளைப் பேசி முடித்ததால் வந்தது. அதற்கு ஊழியர்கள் சொன்ன காரணம், வீட்டில் கிடைத்த அமைதி.

சென்னைச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. வீட்டு வேலையை விரும்பிக் கேட்டவர்கள்தான் இயல்பிலேயே வேகமும் துல்லியமும் கூடியவர்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்ததும் அதிகம் சரிந்தவர்களும் அவர்களே. அலுவலகத்தை விரும்பியவர்கள் வீட்டில் 13 சதவீதம் பின்தங்கினார்கள். வீட்டை விரும்பியவர்கள் 27 சதவீதம் பின்தங்கினார்கள். குழந்தைகள் உள்ளவர்கள், வீட்டாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உள்ளவர்கள், ஏழைக் குடும்பத்தினர் ஆகியோர் இந்தப் பிரிவில் கூடுதலாக இருந்தது ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அலுவலகம் போக முடியாத நெருக்கடிதான் அவர்களை வீட்டைக் கேட்க வைத்தது. அதே நெருக்கடி வேலையையும் கெடுத்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எப்படிப்பட்ட வீடு என்பதுதான். வீட்டில் தொழில் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் தறிக்குத்தான் முதல் இடம். குழித்தறிக்குப் பள்ளம் தோண்டி, மிச்சமுள்ள இடத்தில் குடும்பம் வாழ்ந்தது. பாவு நீட்டத் தெருவையே விட்டுக்கொடுத்தார்கள். லேப்டாப்புக்கு அப்படி யாரும் வீடு கட்டவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சாப்பாட்டு மேசை, கட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து என்று கிடைத்த இடத்தில் அது உட்கார்ந்தது. பல வீடுகளில் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் காற்று. பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். உயரமும் 10 அடி என்றே வைத்துக்கொள்வோம். 1,000 கன அடி, அதாவது சுமார் 28,000 லிட்டர் காற்று. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை மூச்சில் விடுகிறார். வெளிக்காற்றில் இந்த வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு. கதவும் ஜன்னலும் இறுக மூடிய அறையில் ஒரே மணி நேரத்தில் 640 பங்கு சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிடும். கணவனும் மனைவியும் ஒரே அறையில் வேலை பார்த்தால் அரை மணி நேரம் போதும். கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று மாறும் என்பதால் உண்மையில் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனாலும் காலை 9 மணிக்குக் கதவைச் சாத்தினால், மதியச் சாப்பாட்டுக்குள் 1,500-ஐத் தொடுவது எளிது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர்வித்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. அலுவலகக் கட்டடங்களின் பெரிய ஏசி அமைப்புகளில் வெளிக்காற்றைக் கலக்க ஏற்பாடு இருக்கும். வீட்டில் அது கிடையாது. குளிர்ச்சி இருப்பதால் காற்று நன்றாக இருப்பதாக உடல் நம்பிவிடுகிறது.

மூளைக்கு இதனால் என்ன ஆகிறது? ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஜோசப் ஆலன் குழுவினர், சிரக்யூஸ் நகரில் 24 அலுவலக ஊழியர்களை ஓர் ஆய்வுக்கூட அலுவலகத்தில் உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் காற்றை மட்டும் நாளுக்கு நாள் மாற்றினார்கள். கரியமில வாயு 550 பங்கு இருந்த நாளோடு ஒப்பிட்டால், 945 பங்கு இருந்த நாளில் முடிவெடுக்கும் திறனுக்கான மதிப்பெண் 15 சதவீதம் சரிந்தது. 1,400 பங்கு இருந்த நாளில் 50 சதவீதம் சரிந்தது. இந்த எண்களை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. டென்மார்க்கில் நடந்த சோதனையில் சுத்தமான கரியமில வாயுவை மட்டும் 3,000 பங்கு வரை ஏற்றிப் பார்த்தார்கள். பெரிய பாதிப்பு தெரியவில்லை. மனிதர்களின் மூச்சிலும் தோலிலும் இருந்து வரும் மற்ற ஆவிகளும் சேர்ந்து தேங்கியபோதுதான் தலைவலியும் மந்தமும் வந்தன. குற்றவாளி கரியமில வாயுவா, அதனோடு சேர்ந்து தேங்கும் மற்றவையா என்ற விவாதம் விஞ்ஞானிகளுக்குள் தொடரட்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: காற்று மாற வேண்டும். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஜன்னலையும் எதிர்ப்புறக் கதவையும் சேர்த்துத் திறந்துவிட்டாலே நிலைமை மாறும்.

ஜன்னலைத் திறந்தால் கொசு வரும் என்பார்கள். நியாயமான பதில்தான். ஆனால் அதற்காக ஏற்றும் கொசுவர்த்திச் சுருள் அதைவிட மோசம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியேறும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் மாலை 6 மணிக்குச் சுருளை ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள். ஜன்னலுக்கு வலை அடிக்க ஒருமுறைதான் செலவு. மேசை மேல் வைக்கும் மணி பிளான்ட் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். அது 1989-ல் நாசா அடைத்த பெட்டிகளுக்குள் நடத்திய சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு. சாதாரணமாக ஒரு கட்டடத்தில் நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வைக்க வேண்டியிருக்கும் என்று 2019-ல் ட்ரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். செடி கண்ணுக்கு இதம். அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெப்பம். தமிழ்நாட்டில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. 2016 ஜூலையில் பாஸ்டன் நகரில் வெப்ப அலை வீசியபோது, ஹார்வர்டு ஆய்வாளர்கள் 44 கல்லூரி மாணவர்களை 12 நாள் கவனித்தார்கள். 24 பேர் ஏசி உள்ள விடுதியில் இருந்தார்கள். 20 பேர் ஏசி இல்லாத பழைய விடுதியில் இருந்தார்கள். தினமும் காலையில் எழுந்ததும் செல்போனில் சிறு சோதனைகள். ஏசி இல்லாதவர்கள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் ஒரு சோதனையில் 13 சதவீதம் கூடுதல். கூட்டல் கழித்தல் கணக்குகளில் அவர்களது மதிப்பெண்ணும் ஏறத்தாழ அதே அளவு குறைவு. அவர்கள் அறையின் சராசரி வெப்பநிலை வெறும் 26 டிகிரிதான். நல்ல ஆரோக்கியமுள்ள இளைஞர்களுக்கே இந்தக் கதி.

அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு வேறு. வெப்ப அலை உச்சத்தில் இருந்த நாட்களைவிட, அது ஓய்ந்த பிறகுதான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. வெளியே குளிர்ந்துவிட்டது, கட்டடம் மட்டும் சூட்டை விடாமல் வைத்திருந்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு 10 மணிக்கு அதை வீட்டுக்குள் இறக்குகிறது. கூரையைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். வாடகை குறைவு என்று மேல்மாடியைப் பிடித்தவர், தூக்கத்திலும் வேலையிலும் அதற்கு விலை கொடுக்கிறார்.

பழைய சென்னை வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை கனமானது; வெயில் உள்ளே இறங்க வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். கான்கிரீட் வந்த பிறகும் அதன் மேல் சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கம் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக அதைக் கைவிட்ட அடுக்குமாடிகள் ஏராளம். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பது மிக மலிவான தீர்வு. தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே ஒரு குளிர்கூரைக் கொள்கையைக் கொண்டுவந்தது.

எத்தனை டிகிரியில் வேலை நன்றாக நடக்கும்? அலுவலக வேலை பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்த பின்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ல் சொன்ன விடை 22 டிகிரி. 30 டிகிரியில் திறன் 9 சதவீதம் குறைகிறது என்றார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர் நாட்டு ஆய்வுகள். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் இந்தியா முழுக்க அலுவலகங்களில் நடத்திய ஆய்வு, காற்றோட்டமுள்ள கட்டடங்களில் வேலை செய்து பழகிய இந்தியர்கள் இதைவிடக் கூடுதல் வெப்பத்திலும் இயல்பாக இருக்கிறார்கள் என்று காட்டியது. விசிறிக் காற்று உடலில் பட்டால் இன்னும் சில டிகிரி தாங்கலாம். ஏசியை 18-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதற்கு அறிவியலில் ஆதரவு எதுவும் இல்லை. 26-ல் வைத்து விசிறியையும் சுழலவிட்டால் உடலுக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது.

பில் விஷயத்தைச் சும்மா விட முடியாது. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும். நாளுக்கு 8 மணி நேரம், இரண்டு மாதத்தில் 44 வேலை நாள் என்று பார்த்தால் 350 முதல் 530 யூனிட் வரை வேலைக்காக மட்டுமே ஓடுகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். நிறுவனம் கட்ட வேண்டிய மின்கட்டணம் ஊழியர் வீட்டு மீட்டரில் ஓடுகிறது. இதை யாரும் சம்பளக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கு உதவும் செல்களோடு, உடலின் கடிகாரத்துக்கு மணி சொல்லும் தனிவகைச் செல்களும் இருப்பது 2002-ல் உறுதியானது. நீல ஒளிக்கு அவை அதிகம் அசைந்துகொடுக்கும். பகல் வெளிச்சத்தில் அது தாராளமாக இருக்கிறது. வெளியே நிழலில் நின்றாலும் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும்; டியூப் லைட் போட்ட ஹாலில் நூறு, இருநூறு லக்ஸ்தான். ஜன்னல் அருகே வேலை பார்த்தவர்கள், ஜன்னல் இல்லாத இடத்தில் இருந்தவர்களைவிட இரவில் சராசரியாக 46 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று 2014-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுவது நல்லது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் திரையில் பிரதிபலிப்பு விழும்; நேரெதிரே உட்கார்ந்தால் கண் கூசும். கண் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 முறை இமைப்பவர்கள், கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறைதான் இமைக்கிறார்கள் என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1993-லேயே கண்டறிந்தார்கள். விசிறிக் காற்றோ ஏசிக் காற்றோ முகத்தில் அடித்தால், இமைக்காத கண் இன்னும் விரைவாகக் காயும்.

அடுத்து சத்தம். எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி வேலையைக் கெடுப்பதில்லை. மின்விசிறி ஓசை, தெருவின் பொதுவான இரைச்சல் போன்றவற்றுக்குக் காது பழகிவிடும். மிக்ஸி அலறினால் எரிச்சல் வரும், நின்றதும் போய்விடும். பழகாதது, புரிகிற பேச்சு. அதிலும் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் பேச்சு மிக மோசம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சன் குழுவினர் 2010-ல் இதைச் சோதித்தார்கள். இருவர் பேசிக்கொள்வது முழுதாகக் காதில் விழுந்தபோது வேலை பெரிதாகக் கெடவில்லை. ஒருவர் செல்போனில் பேசுவது மட்டும் விழுந்தபோது கவனம் தடுமாறியது. மறுமுனையில் என்ன சொல்கிறார்கள் என்று ஊகிக்கும் வேலையை மூளை நம்மைக் கேட்காமலே செய்கிறது. ஒரே ஹாலில் கணவன் ஒரு கூட்டத்திலும் மனைவி இன்னொரு கூட்டத்திலும் ஹெட்போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில், இருவருக்கும் நாள் முழுக்க இதுதான் நடக்கிறது. சண்டை வருவதற்கு மனப்பொருத்தம் இல்லாததைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கதவு இல்லாததே போதுமான காரணம்.

இனி உடம்பு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழில்நோய்கள் பற்றிய தன் புகழ்பெற்ற நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுத்தர்களுக்கு வரும் நோய்களுக்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, மனதுக்குக் கொடுக்கும் அழுத்தம். முந்நூறு ஆண்டு கழித்தும் பட்டியலில் மாற்றம் இல்லை. லேப்டாப்பின் கோளாறு அதன் வடிவத்திலேயே இருக்கிறது: திரையும் விசைப்பலகையும் ஒன்றாக ஒட்டியவை. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாக வைத்தால் தோள் தூக்கும். நேராக நிமிர்ந்திருக்கும்போது கழுத்து தாங்குவது தலையின் எடையான சுமார் 5 கிலோ. 30 டிகிரி குனிந்தால் அது 18 கிலோவாகவும் 60 டிகிரி குனிந்தால் 27 கிலோவாகவும் உயர்கிறது என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் கென்னத் ஹான்ஸ்ராஜ் 2014-ல் கணித்தார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். கட்டிலில் சம்மணமிட்டு மடியில் லேப்டாப் வைத்திருப்பவரைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே அந்தக் குனிவு தெரியும்.

2020-ல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டிலிருந்து வேலை பார்த்த தம் சக ஊழியர்களிடம் வேலை செய்யும் இடத்தின் புகைப்படம் கேட்டார்கள். 41 பேர் அனுப்பினார்கள். நாற்காலி தாழ்வு, முதுகுக்கு ஆதாரம் இல்லை, திரை கண்மட்டத்துக்கு வெகு கீழே என்று குறைகள் வரிசையாக வந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழக ஊழியர்கள் வீட்டின் நிலை இது. நம் ஊர்ப் பிளாஸ்டிக் நாற்காலியின் கதையைச் சொல்லவே வேண்டாம். நல்ல செய்தி என்னவென்றால், தீர்வு மலிவு. நாலைந்து கனமான புத்தகத்தின் மேல் லேப்டாப்பை ஏற்றி வைத்து, தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கினால் கழுத்துப் பிரச்சினை பெருமளவு குறையும். கால் தரையில் படாவிட்டால் ஒரு மணைப்பலகை போதும். இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு.

உட்கார்ந்தே இருப்பதன் ஆபத்து தமிழர்களுக்குக் கூடுதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். அதன் விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல் என்றது அது. தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கும் மாநிலங்களில் ஒன்று. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்துக்குப் போய்வந்த காலத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு நடை, நடைமேம்பாலப் படி, கேன்டீனுக்கு நடை என்று தெரியாமலே சில ஆயிரம் அடி நடந்துவிடுவார்கள். வீட்டில் கட்டிலுக்கும் மேசைக்கும் இடையே எட்டு அடிதான். மெல்பர்னில் நடந்த ஒரு சோதனையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்து 2016-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பவர்களுக்கு, 8 மணி நேரம் உட்காருவதால் கூடும் மரண ஆபத்து நீங்கிவிடுகிறது என்றது. போக்குவரத்தில் மிச்சமான நேரத்தைக் கொடுக்க இதைவிடச் சிறந்த இடம் வேறு இல்லை.

ஆனால் அந்த நேரம் உண்மையில் எங்கே போனது? ஆசியாவின் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் கணினிப் பதிவுகளை மைக்கேல் கிப்ஸ் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். வீட்டுக்கு மாறிய பிறகு வேலை நேரம் கூடியது. செய்து முடித்த வேலை சற்றுக் குறைந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் உற்பத்தித் திறன் 8 முதல் 19 சதவீதம் சரிவு. கூட்டங்கள் பெருகின, இடையூறில்லாமல் வேலை பார்த்த நேரம் சுருங்கியது. குழந்தைகள் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் உழைத்தார்கள், மற்றவர்களைவிட அதிகம் பின்தங்கினார்கள்.

இந்த இடத்தில் பெண்களைப் பற்றித் தனியாகப் பேசாமல் நகரக் கூடாது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 289 நிமிடம். ஆண்களுக்கு 88 நிமிடம். அலுவலகம் போகும் பெண்ணுக்கு, குறைந்தபட்சம் 9 முதல் 6 வரை அந்த வேலைகளிலிருந்து விடுதலை இருந்தது. வீட்டிலேயே இருப்பவர் ‘சும்மாதானே இருக்கிறாய்’ என்ற பார்வைக்கு ஆளாகிறார். கூரியர்க்காரருக்குக் கதவு திறப்பது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, குக்கர் விசில் எண்ணுவது எல்லாம் அவர் தலையில். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்தான். ஆனால் முடிக்காத ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று நிறுவன உளவியலாளர் சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். அந்த இரண்டு நிமிடத்துக்கான விலை இரண்டு நிமிடத்தோடு முடிவதில்லை. ஹாலில் ஆணின் மேசையும், சமையலறை மேடையில் பெண்ணின் லேப்டாப்பும் இருக்கும் வீடுகளில், யாருக்கு அறை என்பதைக் குடும்பம் வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டும்.

கட்டிலை அலுவலகமாக்குவது இன்னொரு தவறு. தூக்கமின்மைக்கு ரிச்சர்ட் பூட்ஸின் 1972-ல் வகுத்த சிகிச்சையின் அடிப்படை விதி, கட்டில் தூக்கத்துக்கு மட்டுமே என்பது. இடத்துக்கும் செயலுக்கும் மூளை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. இன்றும் தூக்கமின்மைக்கு மருந்தில்லாத சிகிச்சைகளில் இது முதன்மையானது.

தனிமையும் சூழலின் ஒரு பகுதி. ஷாங்காய் சோதனை முடிந்ததும், இனி உங்கள் விருப்பம் என்று விட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை என்பது அவர்கள் சொன்ன பெரிய காரணம். அதே நிறுவனம், இன்று ட்ரிப்.காம் என்ற பெயரில், 1,612 பேரை வைத்து வாரத்தில் 2 நாள் மட்டும் வீடு என்ற முறையைச் சோதித்தது. வேலை குறையவில்லை, வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். 2024-ல் நேச்சர் இதழில் வெளியான இந்த முடிவு, நெருக்கடியான வீடுகள் நிறைந்த நம் நகரங்களுக்கும் பொருந்திவரக் கூடியது. வீடு சரியில்லாதவருக்கு அலுவலகத்தில் ஓர் இருக்கை என்றும் இருக்க வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குச் சில நாடுகள் பதில் சொல்லிவிட்டன. ஸ்பெயின் 2020-லும் போர்ச்சுகல் 2021-லும் கொண்டுவந்த சட்டங்களின்படி, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் கருவிகளுக்கும் அதனால் கூடும் செலவுக்கும் முதலாளி பொறுப்பு. பிரிட்டனில், வீட்டில் திரை முன் உட்காரும் ஊழியரின் மேசை, நாற்காலி, திரை ஆகியவற்றை மதிப்பிட்டுச் சரிசெய்வது நிறுவனத்தின் கடமை. வீட்டில் தொழில் செய்வோருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1996-லேயே வந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. நெல்லைச் சீமையில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள், புகையிலைத் தூசியைச் சுவாசித்தபடி அந்தப் பாதுகாப்புக்காகக் காத்திருக்கிறார்கள். லேப்டாப் ஊழியரும் இப்போது அதே வரிசையில்தான் நிற்கிறார்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஊழியர்களிடம் வீட்டிலிருந்து வேலை வாங்கும் நிறுவனங்கள் வாடகையிலும் மின்சாரத்திலும் மிச்சம் பிடித்த தொகையில் ஒரு பகுதியை நாற்காலியாகவும், மேசையாகவும், மாத மின்கட்டணத்தில் ஒரு பங்காகவும் திருப்பித் தரட்டும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் சம்பளம் பேசும்போதே இதையும் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.